மடை யார் கையில்?

2024-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி நமது மதுரை ஜில்லாவில் விசேஷமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் விளக்கு வைத்த பிறகு வீடுகளில் டெலிவிஷன் பெட்டிகள் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தன. விஜய் டெலிவிஷனின் நாடகங்களை ஜனங்கள் வழக்கம்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஒரே நாளில் அப்பெட்டியின் பின்னாலிருந்த எஜமானர் மாறிவிட்டார். அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி கம்பெனி வசமிருந்த ஸ்டார் இந்தியா ஸ்தாபனமும், ரிலையன்ஸ் கம்பெனியைச் சேர்ந்த வயாகாம்18 ஸ்தாபனமும் ஒன்றாகக் கலந்து, ஜியோஸ்டார் என்னும் புதிய ஸ்தாபனம் அன்று உருவாயிற்று. அதன் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பங்குகளில் ரிலையன்ஸுக்கு நேராக 16.34 சதவிகிதம், வயாகாம்18 வழியாக 46.82 சதவிகிதம், டிஸ்னிக்கு 36.84 சதவிகிதம். நிர்வாகம் ரிலையன்ஸின் கையில். நூற்றுக்கு மேற்பட்ட சேனல்கள் இவ்விதம் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

பெரியாறு வாய்க்காலை நம்பியிருக்கும் ஊர்களில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சியின் வேலை. ஊரில் மிகப் பெரிய வயலுக்குச் சொந்தக்காரர் எவரோ அவரிடம் மடையை ஒப்படைத்துவிட ஊரார் சம்மதிப்பதில்லை. அவர் உத்தமராகவே இருக்கலாம், இருந்தாலும் சம்மதிப்பதில்லை. கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அதன் காரணத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. செய்தியும் பாட்டும் நாடகமும் விளையாட்டும் இக்காலத்தில் நம் வீடுகளுக்குள் பாயும் நீர். அந்த நீரின் மடை கைமாறியதை நாம் அறியாமலே உறங்கிவிட்டோம் என்றால், அது நமக்குப் பெருமையல்ல. ஆகவே இவ்விஷயத்தை இன்று நேயர்கள் முன் சற்று விரிவாக வைக்க விரும்புகிறோம்.

ஒரு பெட்டியின் வம்சாவளி

விஜய் டெலிவிஷன் என்று நாம் இன்று அழைக்கும் சேனல் 1994-ல் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன் என்னும் பெயரில் தமிழ்நாட்டில் பிறந்தது. அதைத் தொடங்கியவர் என்.பி.வி. ராமசாமி உடையார். பிறகு சாராய வியாபாரத்தில் பெயர் பெற்ற விஜய் மல்லையாவின் கைக்கு அது போயிற்று. இன்றுள்ள பெயர் அப்போது வந்தது. அவரிடமிருந்து பம்பாயின் யு.டி.வி. கம்பெனிக்கு மாறிற்று. 2001-ல் ஸ்டார் ஸ்தாபனம் அதில் பெரும்பகுதிப் பங்கை வாங்கியது. பிறகு முழுவதையும் எடுத்துக்கொண்டது. 2019-ல் டிஸ்னி கம்பெனி ஸ்டாரை வாங்கியபோது விஜய்யும் உடன் சென்றது. 2024-ல் ஜியோஸ்டார் வந்தது. தமிழில் பேசும் ஒரு பெட்டி, தமிழரிடம் தொடங்கி, பம்பாய், ஹாங்காங், நியூயார்க், கலிபோர்னியா என்று பல ஊர் எஜமானர்களைக் கண்டுவிட்டுத் திரும்பவும் பம்பாய்க்கே வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனை கிரயத்திலும் பார்வையாளரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்நிய எஜமானர் காலத்தில் அச்சேனல் தமிழுக்குக் கெடுதலே செய்தது என்று நாம் சொல்லமாட்டோம், அது நியாயமாகாது. ‘கலக்கப் போவது யாரு’ என்ற மேடை மதுரை முத்து போன்ற நம் சீமைக் கலைஞர்களை நாடறியச் செய்தது. ‘சூப்பர் சிங்கர்’ பாடத் தெரிந்த எளிய வீட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கதவைத் திறந்தது. ‘நீயா நானா’ சாதாரண ஜனங்களை எதிரெதிரே உட்கார வைத்து வாதாடச் செய்தது. இவை நல்ல காரியங்கள்தாம். ஆனால் நல்ல காரியம் செய்வதும் நிறுத்துவதும் ஒரே ஒருவருடைய இஷ்டமாக இருக்கலாமா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

அடிலெய்டிலிருந்து ஆகாயம் வரை

ஸ்டாரை உலகறியச் செய்த ரூபர்ட் மர்டாக் என்பாரின் கதையைப் பத்திரிகைத் தொழிலிலுள்ள ஒவ்வொருவரும் பாடமாகப் படிக்க வேண்டும். 1952-ல் தந்தை காலமானபோது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து மாலைப் பத்திரிகை ஒன்று அவருக்குப் பிதிரார்ஜிதமாகக் கிடைத்தது. அந்த ஒன்றை வைத்து மற்றொன்றை வாங்கினார். வாங்கியதை அடகு வைத்து இன்னொன்றை வாங்கினார். 1969-ல் லண்டனில் ‘நியூஸ் ஆப் தி வோர்ல்டு’, அதே ஆண்டில் ‘சன்’. 1976-ல் ‘நியூயார்க் போஸ்ட்’. 1981-ல் ஆங்கிலேயரின் கௌரவச் சின்னமாகிய ‘டைம்ஸ்’. 1985-ல் ஹாலிவுட்டின் ட்வென்டியெத் செஞ்சுரி பாக்ஸ் முழுவதும் அவர் கைக்கு வந்தது. அமெரிக்காவில் டெலிவிஷன் நிலையங்களை வைத்துக்கொள்ள அந்நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே அதே 1985-ல் அவர் தமது பிரஜா உரிமையையே மாற்றிக்கொண்டார். வியாபாரத்துக்காகத் தேசத்தை மாற்றிக்கொண்டவரிடம் தேசபக்தி எது என்று யார் கேட்பது?

‘டைம்ஸை’ வாங்கும்போது ஆசிரியரின் சுதந்திரத்தில் தலையிடுவதில்லை என்று அவர் எழுத்து மூலமாக வாக்குறுதி தந்தார். 1981-ல் அவர் நியமித்த ஆசிரியர் ஹரால்டு எவன்ஸ், ஓராண்டு கழிந்ததும் 1982-ல் ராஜிநாமாச் செய்து வெளியேற நேர்ந்தது. எழுத்து மூலமான வாக்குறுதி எவ்வளவு காலம் நிற்கும் என்பதை வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை அமல் நடத்தும் வழி பத்திரத்தில் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

ஸ்டார் டெலிவிஷன் 1991-ல் ஹாங்காங்கில் லீ கா ஷிங் என்னும் சீனச் செல்வரின் குடும்பத்தாரால் தொடங்கப்பட்டது. 1993-ல் மர்டாக் அதில் 63.6 சதவிகிதப் பங்கை 52 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கினார். 1995-ல் மீதியையும் வாங்கினார். ஆகாயத்திலிருந்து வரும் செய்தி சர்வாதிகாரத்துக்கு ஆபத்து என்ற கருத்தில் 1993-ல் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். சீனச் சர்க்கார் சீறிற்று. மறு ஆண்டே சீனத்தை நோக்கிய ஸ்டார் ஒளிபரப்பிலிருந்து பி.பி.சி. செய்திச் சேனல் நீக்கப்பட்டது. சுதந்திரத்தைப் பற்றிய பிரசங்கத்துக்கும் சந்தையின் லாபத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, எது வென்றதென்பது விளங்கிவிட்டது. ஆதாயம் தேடிப் பத்திரிகை வாங்குபவர் எவராயினும், அவர் தராசில் செய்தியும் ஒரு சரக்கே.

2007-ல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ அவர் வசமாயிற்று. 2011-ல், தனி மனிதரின் டெலிபோன் செய்திகளை ஒட்டுக் கேட்ட குற்றம் அம்பலமாகி, 168 ஆண்டு வயதுடைய ‘நியூஸ் ஆப் தி வோர்ல்டு’ மூடப்பட்டது. 2019-ல் பாக்ஸ் ஸ்தாபனத்தின் பெரும்பகுதியை 7,100 கோடி டாலருக்கு மேல் பெற்று டிஸ்னிக்கு விற்றார். நமது விஜய்யும், மலையாளத்து ஏஷியாநெட்டும், தெலுங்கின் மா டி.வி.யும் அந்தக் கிரயத்தில் அடங்கிய சில்லறைகள். தமிழ், மலையாளம், தெலுங்கு என்னும் மூன்று பாஷைகளின் முன்னணிச் சேனல்கள் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தின் அட்டவணையில் வரிகளாக நின்றன!

வாங்குவதே பாவமா?

பத்திரிகையை விலைக்கு வாங்குவது புதிதன்று, பாவமுமன்று. நமது தேசியப் பத்திரிகைகளின் சரித்திரமே கைமாற்றங்களின் சரித்திரந்தான். 1878-ல் தொடங்கிய ‘ஹிந்து’வை 1905-ல் வக்கீலாயிருந்த கஸ்தூரிரங்க ஐயங்கார் வாங்கினார், நொடிந்திருந்த பத்திரிகை நிமிர்ந்தது. 1932-ல் டாக்டர் வரதராஜுலு நாயுடு சென்னையில் தொடங்கிய ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பண நெருக்கடியால் சதானந்தின் கைக்குப் போயிற்று. அவர் 1934-ல் பாரதியாரின் நினைவு தினமாகிய செப்டம்பர் 11-ந் தேதி ‘தினமணி’யைத் தொடங்கி டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராக்கினார். சில ஆண்டுகளில் சதானந்தும் நெருக்கடியில் வீழ்ந்தார். ராம்நாத் கோயங்கா முதலாளியானார். முதலாளிக்கும் ஆசிரியருக்கும் ஏற்பட்ட பிணக்கால் 1943-ல் சொக்கலிங்கம் வெளியேறி, அடுத்த ஆண்டு ‘தினசரி’யைத் தொடங்கினார். இவர்கள் எல்லாரும் சுதேசிகள். எல்லாரும் சுதந்திரப் போரில் நின்றவர்கள். அப்படியிருந்தும் பிணக்கு வந்தது. பணம் போட்டவருக்கும் பேனா பிடித்தவருக்கும் இடையேயுள்ள இழுபறி வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல. அவனோடு போய்விடவும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சொக்கலிங்கத்துக்கு வெளியேறிப் போக இடமிருந்தது. ஓர் அச்சியந்திரமும் கொஞ்சம் மூலதனமும் துணிச்சலும் இருந்தால் அக்காலத்தில் ஒருவர் புதுப் பத்திரிகை தொடங்கலாம். 1942-ல் இதே மதுரையில் பாரிஸ்டர் சி.பா. ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கியது அப்படித்தான். இன்று 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போன கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையோடு போட்டி போட எந்த ஊர் பாரிஸ்டர் புறப்படுவார்?

அடக்குமுறையின் உருவமும் மாறிவிட்டது. 1910-ஆம் வருஷத்து அச்சுச் சட்டத்தின் கீழ் அந்நியச் சர்க்கார் பத்திரிகைகளிடம் ஜாமீன் தொகை கேட்டது. எழுதியது பிடிக்காவிட்டால் அதைப் பறிமுதல் செய்தது. மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அலகாபாத்தில் மோதிலால் நேருவின் ‘இண்டிபென்டென்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்து சிறை சென்றார். ஜாமீன் கேட்டு வருபவன் எதிரி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவனை எதிர்த்து நிற்பது கௌரவமாயிருந்தது. கிரயப் பத்திரத்தோடு வருபவர் புன்னகையோடு வருகிறார். சிறைக்குப் போன ஆசிரியரை ஊர் மாலையிட்டு வரவேற்றது. விற்கப்பட்ட பத்திரிகையின் ஆசிரியருக்கு எந்த ஊர் மாலையிடும்?

இலவசச் சவாரி

இவ்விஷயத்தில் தென்பாண்டி நாட்டுக்கு உலகுக்குச் சொல்லத் தக்க அனுபவம் ஒன்று உண்டு. 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதற்குப் போட்டியாயிருந்த வெள்ளைக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் இனாமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது. பிரயாணிகளுக்குக் குடையும் கொடுத்ததாக நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1908-ல் வ.உ.சி. சிறை சென்றார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்த பிறகு இனாமாக ஏற்றிச் செல்ல அவர்களுக்கு என்ன அவசியம்?

அந்த யுக்தி கப்பலோடு முடியவில்லை. 1993-ல் மர்டாக் லண்டனில் ‘டைம்ஸ்’ விலையை 45 பென்ஸிலிருந்து 30 ஆகக் குறைத்துச் சிறிய போட்டிப் பத்திரிகைகளின் மூச்சைத் திணற அடித்தார். 2005-ல் சன் டெலிவிஷன் குழுவினர் ‘தினகரன்’ பத்திரிகையை வாங்கி, சென்னையில் ஒரு ரூபாய்க்கு விற்றார்கள். வேறு வருமானமில்லாத பத்திரிகை எதுவும் அந்த விலையில் காகிதச் செலவைக்கூடக் கட்ட முடியாது.

கிரிக்கெட் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஐ.பி.எல். பந்தயங்களின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் டெலிவிஷன் உரிமையை ஸ்டார் 23,575 கோடிக்கும், கைப்பேசி முதலியவற்றுக்கான உரிமையில் பெரும்பகுதியை வயாகாம்18 ஸ்தாபனம் 23,758 கோடிக்கும் எடுத்தன. 2023-ல் ரிலையன்ஸ் தரப்பார் ஜியோசினிமா மூலம் பந்தயங்களை இனாமாகக் காட்டினார்கள். பணம் வாங்கிக்கொண்டு காட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த டிஸ்னி தரப்புக்கு அது பேரிடி. 2024-ல் போட்டியாளர் இருவரும் ஒரே ஸ்தாபனமானார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தோன்றியது. சிறிது நேரம் இனாமாகக் காட்டிவிட்டுப் பிறகு சந்தா கேட்கும் முறையும் உடன் வந்தது. குடையைக் கொடுத்தவர்கள் இப்போது மழைக்கு வாடகை கேட்கிறார்கள்.

இதில் சட்ட விரோதம் ஏதுமில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். கம்பெனிப் போட்டிகளைக் கவனிக்கும் கமிஷன் 2024 ஆகஸ்ட் 28-ந் தேதி, சில சேனல்களை விற்றுவிடுவது முதலிய நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு, இந்த இணைப்புக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அக்கமிஷன் பார்ப்பது விளம்பரச் சந்தையையும் விலையையுந்தான். ஒரு பாஷையின் வாய்கள் எத்தனை, அவற்றில் எத்தனை ஒரே மார்பில் மூச்சு வாங்குகின்றன என்பதை அளக்க அதனிடம் படிக்கல் இல்லை. விஜய் ஒரு பக்கமும், 2018-ல் வந்த கலர்ஸ் தமிழ் மறு பக்கமுமாகப் போட்டியிட்டன. 2024-க்குப் பின் இரண்டுக்கும் ஒரே பெட்டியில் கணக்கு.

சுதேசி முதலாளி என்றால் போதுமா?

‘டிஸ்னி போய் ரிலையன்ஸ் வந்தது, அந்நியன் கையிலிருந்து நம்மவர் கைக்கு வந்தது, தேசியப் பத்திரிகை நடத்தும் நீங்கள் சந்தோஷப்பட வேண்டாமா?’ என்று நண்பர் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முப்பது வருஷங்களுக்கு முன் கேட்டிருந்தால் நாமும் ஒருவேளை வந்தேமாதரம் என்று முழங்கியிருப்போம். இன்று சற்றுத் தயங்குகிறோம். தயக்கத்துக்குக் காரணம் நம் மதுரையிலேயே இருக்கிறது.

2007 மே மாதம் 9-ந் தேதி. அப்போது முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதிக்கு அரசியல் வாரிசு யார் என்பது பற்றி ‘தினகரன்’ ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டது. பத்திரிகையின் உடைமையாளரும் ஆளுங் கட்சித் தலைவரும் உறவினர். கணிப்பு வெளியான அன்று ஒரு கும்பல் மதுரையில் அப்பத்திரிகையின் காரியாலயத்தைத் தாக்கித் தீ வைத்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஊழியர் மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்தக் கணிப்பை எழுதியவரல்லர். அந்தக் குடும்பத்தின் வாரிசுரிமையில் அவர்களுக்கு எந்தப் பங்குமில்லை. 2009-ல் கீழ்க் கோர்ட்டு குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. 2019 மார்ச்சில் ஹைகோர்ட்டு மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நியாயம் வந்து சேரப் பன்னிரண்டு வருஷங்கள் ஆயின.

இங்கே அந்நியன் எவனும் இல்லை. பத்திரிகை தமிழர்களுடையது; சர்க்கார் தமிழர்களுடையது; தீ வைத்தவர்களும் தமிழர்களே. பத்திரிகை, டெலிவிஷன், கேபிள், கட்சி, சர்க்கார் யாவும் ஒரே குடும்ப வட்டத்தில் சேர்ந்துவிட்டால், அங்கே ஏற்படும் மனஸ்தாபத்துக்கும் ஊழியனே பலியாகிறான். அந்த மனஸ்தாபத்தைத் தொடர்ந்து அதே வருஷத்தில் ஆளுங் கட்சித் தலைமைக்குப் புதிய சேனல் ஒன்று பிறந்தது. சர்க்காரின் அரசு கேபிள் கார்ப்பரேஷனும் பிறந்தது. அதற்கு முன்பும் பின்பும் கட்சிக்கொரு சேனல் என்ற நிலைமை தமிழ்நாட்டில் வந்துவிட்டது. ஜனங்களுக்குக் குறைந்த விலையில் கேபிள் கிடைத்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கம்பி யார் கையிலோ அவர் விரும்பாத சேனல் மங்கிப் போகும் என்ற பயம் அன்றிலிருந்து ஒழியவில்லை.

டில்லிப் பக்கம் திரும்பினாலும் இதே காட்சி. 2014-ல் நெட்வொர்க்18 செய்திச் சேனல்கள் ரிலையன்ஸ் வசமாயின. என்.டி.டி.வி.யின் ஸ்தாபகர்கள் முன்னர் வாங்கியிருந்த கடனின் பத்திரம் 2022 ஆகஸ்டில் அதானி குழுவின் கைக்குப் போயிற்று. அந்தப் பத்திரத்தின் வழியாகப் பங்கு வந்தது. டிசம்பருக்குள் சேனலே வந்தது. கடன்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பதைக் கிராமத்தான் அறிவான். செய்தி ஸ்தாபனத்தின் வாசலிலும் அவன் வந்து நிற்பான் என்பதை 2022 காட்டிற்று.

சுதேசி, விதேசி என்ற கணக்கிலும் தெளிவில்லை. வயாகாம்18-ல் முதலீடு செய்த போதி ட்ரீ என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ரூபர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸ் மர்டாக். தகப்பனார் விற்ற வீட்டுக்குள் மகன் மற்றொரு வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறார். மூலதனத்துக்குத் தாய்நாடு கிடையாது. அது போகுமிடமெல்லாம் அதற்குப் பிறந்தகமே.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்நிய மூலதனத்தைப் பத்திரிகைகளில் அனுமதிப்பதில்லை என்று 1955-ல் மத்திய மந்திரி சபை தீர்மானித்தது. 2002-ல் அது தளர்ந்தது. செய்திப் பத்திரிகைகளில் 26 சதவிகிதம் வரை வரலாம் என்றாயிற்று. செய்தி டெலிவிஷனிலும் முதலில் 26 தான். 2015-ல் 49 ஆயிற்று. கேளிக்கைச் சேனலுக்கோ நூற்றுக்கு நூறும் திறந்த வாசல். விஜய்யை முழுதாக விழுங்க முடிந்ததன் ரகசியம் இதுவே. செய்தி விஷம் என்றும், நாடகம் சர்க்கரை என்றும் சட்டம் பாகுபாடு செய்து வைத்திருக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் ஒரு வீட்டுக்குள் பேசும் நாடகத்துக்கு அரசியல் இல்லையென்று நினைப்பவர்கள் ஜனங்களை அறியாதவர்கள்.

ஒரே முதலாளி பத்திரிகை, டெலிவிஷன், டெலிபோன் கம்பி மூன்றையும் வைத்திருப்பதற்குத் தடை விதிக்கும் பொதுச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்படவில்லை. டெலிபோன், ஒளிபரப்பு விஷயங்களைக் கவனிக்கும் டிராய் ஸ்தாபனம் 2014 ஆகஸ்டில் இதற்கு வரம்பு வேண்டுமென்று விரிவாகச் சிபார்சு செய்தது. அரசியல் கட்சிகள் ஒளிபரப்பில் இறங்கலாகாது என்றும் சொல்லிற்று. அது சட்டமாகவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமல்ல: சட்டம் இயற்ற வேண்டியவர்களில் பலருக்குச் சேனல் உண்டு, சேனல் இல்லாதவர்களுக்குச் சேனலின் தயவு வேண்டும்.

எதிர்க் கட்சிக்காரரின் வாதத்தையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது பத்திரிகைக் கமிஷனின் சிபார்சின்மேல், பெரிய பத்திரிகைகள் சிறியவற்றை நசுக்காதிருக்கப் பக்கத்துக்கு இவ்வளவு விலை என்று 1956-ல் சட்டம் வந்தது. ‘சாகல்’ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. பத்திரிகையின் பக்கத்தையும் விலையையும் சர்க்கார் நிர்ணயிப்பது பேச்சுரிமையைக் குறைப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். அதை நாம் மதிக்கிறோம். முதலாளியைக் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு சர்க்கார் ஆசிரியரைக் கட்டிவிடும் என்ற பயம் பொய்ப் பயமல்ல. ஆனால் அதே சுப்ரீம் கோர்ட்டு 1995-ல், இதே கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமான வழக்கில், ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. சர்க்காரின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது என்பதே அதன் கருத்து. முதற்பாதி நிறைவேறிவிட்டது. பிற்பாதியை நிறைவேற்ற யாருக்கும் அவசரமில்லை.

செய்ய வேண்டியது

குறை கூறிவிட்டு ஒதுங்குவது பத்திரிகை தர்மமாகாது. நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம்.

முதலாவதாக, உடைமை பகிரங்கமாக வேண்டும். 1956-ஆம் வருஷத்து விதிகள், ஒவ்வொரு பத்திரிகையும் ஆண்டுக்கொரு முறை தன் சொந்தக்காரர், ஒரு சதவிகிதத்துக்கு மேல் பங்குடையவர் யாரென்பதைத் தன் பக்கத்திலேயே அச்சிட வேண்டுமென்று விதித்தன. அதே கடமையை டெலிவிஷனுக்கும் கைப்பேசிச் சேவைக்கும் விதிக்கட்டும். மாதம் ஒரு முறையாவது, ஜனங்கள் விழித்திருக்கும் வேளையில், தமிழில், எஜமானர் பெயர் திரையில் வரட்டும். கடைசிப் பங்காளி வரை வரட்டும்.

இரண்டாவதாக, ஒரு பாஷையில் ஒருவர் எத்தனை வாய்களை வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். எதை எழுதலாம் என்று சர்க்கார் சொல்ல வேண்டாம். எத்தனை வைத்திருக்கலாம் என்று மட்டும் சட்டம் சொல்லட்டும். நில உச்சவரம்பு கண்ட நாட்டுக்கு இது புதுமையன்று. வரம்பைக் காப்பது மந்திரியின் கையிலில்லாத தனி ஸ்தாபனமாக இருக்க வேண்டும். இல்லாவிடில் மடை ஒரு பண்ணையாரிடமிருந்து மற்றொரு பண்ணையாரிடம் போனதாகவே முடியும்.

மூன்றாவதாக, முதலாளியும் சர்க்காருமன்றி வேறு வழியுமுண்டு. லாகூரில் 1881-ல் தொடங்கிய ‘ட்ரிப்யூன்’ பத்திரிகையை தயாள் சிங் மஜீதியா தமக்குப் பின் தர்ம நம்பிக்கை ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தார். தேசமே இரண்டாகப் பிளந்தபோதும், பத்திரிகை ஊர் மாறியபோதும் அது நிலைத்தது. இங்கிலாந்தில் ‘கார்டியன்’ 1936 முதல் இவ்விதமே டிரஸ்டின் உடைமையாக நடந்து வந்திருக்கிறது. வ.உ.சி. 25 ரூபாய்ப் பங்கு போட்டுக் கப்பல் விட்டார். தமிழில் ஜனங்களின் பங்கால் நடக்கும் செய்தி ஸ்தாபனம் ஒன்று ஏன் ஏற்படலாகாது?

கடைசியாக நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நாமும் பத்திரிகை முதலாளிகளே. இவ்விஷயத்தில் நமக்கும் சுயநலம் உண்டென்பதை மறைக்கவில்லை. இனாமாகக் கிடைக்கும் செய்தியை வேறு யாரோ விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். விலை கொடுத்தவருக்கே அது விசுவாசமாக இருக்கும். பத்திரிகைக்குக் கொடுக்கும் சில ரூபாயைச் செலவென்று எண்ணாதீர்கள். நீர்பாய்ச்சிக்கு ஊர் அளக்கும் நெல்லென்று எண்ணுங்கள். ஊர் நெல் அளந்தால் அவன் ஊருக்கு ஊழியன். ஊர் நெல் அளப்பதை நிறுத்தினால், பெரிய வயல்காரர் அளக்கக் காத்திருக்கிறார். அதன் பிறகு கடைமடையில் நின்று தண்ணீர் வரவில்லையென்று கூவிப் பயனில்லை.